ராயப்பனுக்கு ஒரு தம்பி

உக்காருங்க தம்பி, உக்காருங்க. ஃபாதர் கிளைக் கிராமத்துக்குப் பூசை வைக்கப் போயிருக்காரு, வந்துடுவாரு. மலேசியாவுல எங்கன்னு சொன்னீங்க? கிள்ளானா? அங்கேர்ந்து இவ்வளவு தூரம் பாட்டனுக்குப் பாட்டனைத் தேடிக்கிட்டு வந்திருக்கீங்க. சந்தோஷம். காப்பி வருது, குடிங்க. எந்தத் தெருன்னு வீட்டுல ஏதாவது சொல்லியிருக்காங்களா? சொல்லலியா. சரி, பரவாயில்ல.

பழைய ஞானஸ்நானப் புஸ்தகமெல்லாம் உள்ள பீரோவுலதான் இருக்கு. ஆனா அதை எடுத்துப் படிச்சுச் சொல்ல இந்தச் சூசைப்பாளையத்துல என்னை விட்டா ஆள் கெடையாது. எல்லாம் லத்தீன். வெள்ளைக்காரச் சாமியாருங்க கையெழுத்து வேற. இப்ப இருக்கிற ஃபாதருக்கே ஓடாது, "வாத்தியாரே, நீங்களே பாத்துக்குங்க"ன்னு சாவியை என்கிட்ட குடுத்துட்டாரு. நான் சின்ன வயசுல சாமியாருக்குப் படிச்சவன். பாதியில வந்துட்டேன், அம்மா படுத்துட்டாங்க. அப்புறம் கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல வாத்தியார் வேலை. தனிஸ்லாஸ் வாத்தியார்னு கேளுங்க, சுத்துப்பட்டுல தெரியாதவன் இருக்க மாட்டான். கேட்டுப் பாருங்க வேணும்னா.

புஸ்தகத்தைக் காட்டுறேன், காட்ட மாட்டேன்னு சொல்லல. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நீங்க நாளைக்கு ஃபிளைட்டு ஏறிப் போயிடுவீங்க, அதனால சொல்றேன். இந்த ஊர்ல நான் யார்கிட்டயும் வாயைத் தொறந்ததில்ல. எம் பொண்டாட்டி பிலோமினாவுக்கே தெரியாது.

எனக்கு ஒரே பொண்ணு. ஜெசிந்தா. கான்வெண்ட் ஸ்கூல்ல டீச்சரா இருந்தா. கோயில்ல பாடுவா. என் பொண்ணுன்னு சொல்லல, நெசமாவே நல்லாப் பாடுவா. பாடகர் குழுவுல ஆர்கன் வாசிக்கிறவன் ஒருத்தன் இருந்தான், பெலவேந்திரன்னு. ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை. பையனைக் குத்தம் சொல்ல முடியாது தம்பி, ஒரு பீடி கெடையாது, சிகரெட் கெடையாது, என்னைப் பாத்தா சைக்கிள விட்டு இறங்கி நிப்பான். எல்லாம் சரி. ஆனா காலனிப் பையன்.

உங்க ஊர்ல இதெல்லாம் இருக்குதோ இல்லியோ, எனக்குத் தெரியாது. இங்க இருக்கு. கோயில் ஒண்ணுதான், மாதா ஒண்ணுதான், நற்கருணை ஒண்ணுதான். ஆனா நாங்க ஊர்த்தெரு, அவங்க காலனி. கோயில்ல நாங்க வலப்பக்கம் உக்காருவோம், அவங்க இடப்பக்கம். எவனும் போர்டு எழுதி வைக்கல, அதுவா நடக்குது. கல்லறைத் தோட்டத்துல மட்டும் நடுவுல ஒரு சுவர் உண்டு. ஒவ்வொரு பிஷப்பும் இடிக்கணும்னுதான் சொல்றாரு. நானும் மீட்டிங்ல எழுந்து இடிக்கலாம்னு பேசியிருக்கேன். எனக்கு அதுல எந்த வித்தியாசமும் கெடையாது. பொண்ணு குடுக்கறது வேற விஷயம் இல்லிங்களா.

அதுலயும் எங்க குடும்பம் சும்மா குடும்பம் இல்ல. ராயப்பன் வகையறான்னா ஊர்த்தெருவுல முதல் வீடு. எங்க அப்பாவோட தாத்தா அவர். தெக்கேர்ந்து ரெட்டை மாட்டு வண்டி கட்டிக்கிட்டு, வெள்ளைக்காரச் சாமியாரோட கூடவே வந்தவர், கோயில் கட்ட நெலம் எழுதிக் குடுத்தவர்னு எங்க அப்பா சொல்லுவாரு. தேர்த் திருவிழாவுல முதல் மாலை எங்க வீட்டுக்குத்தான். அப்படிப்பட்ட வீட்டுப் பொண்ணு.

நான் நல்லதனமாச் சொன்னேன். பிலோமினா அழுது பாத்தா. ஜெசிந்தா எதுத்துப் பேசல. "அப்பா, நீங்க சம்மதிக்கிற வரைக்கும் காத்திருக்கேன்"னா. காத்திருந்தா. எத்தனை நல்ல எடம் வந்துச்சி, எல்லாத்துக்கும் சிரிச்ச மொகமாவே வேணாம்னுட்டா. கடைசியில ரெண்டு பேரும் போயி அப்போ இருந்த ஃபாதர் முன்னால நின்னுட்டாங்க. அவர் சின்ன வயசுக்காரரு, புரட்சி பேசுறவரு. வர்ற ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கிறேன்னுட்டாரு.

ஓலை தெரியுமில்ல? இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் கல்யாணம், இவங்களுக்குள்ள ஏதாவது விக்கினம் இருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சா வந்து சொல்லுங்கன்னு மூணு ஞாயிறு பூசையில வாசிப்பாங்க. மூணும் வாசிச்சுட்டா கல்யாணம்தான். முதல் ஓலையில என் பேரு வந்துச்சி தம்பி. "ஊர்த்தெரு தனிஸ்லாஸ் மகள் ஜெசிந்தாவுக்கும், காலனி அமரர் சின்னையன் மகன் பெலவேந்திரனுக்கும்"னு மைக்குல. வலப்பக்கம் பூராத் திரும்பி என்னைப் பாத்தாங்க. நான் எங்க போயி மூஞ்சியை வெச்சுக்கறது? அப்படியே பூமி பொளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சி.

பூசை முடிஞ்சதும் பிலோமினாவோட தம்பி அருளப்பன் வீட்டுக்கு வந்துட்டான். கூட நாலு பேரு. "மாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க. பையன் ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற வழியிலயே கதைய முடிச்சிடுறோம்"னான். நான்தான் தடுத்தேன். இதை நீங்க கவனிக்கணும். "வெட்டு குத்துன்னு யாராவது கெளம்புனீங்கன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன்"னு கத்துனேன். ஏன்னா நான் படிச்சவன். அவங்க அரிவாளுக்குப் போவாங்க, நான் புஸ்தகத்துக்குப் போனேன்.

விக்கினம்னு ஒண்ணு இருந்தா ஃபாதரே நெனச்சாலும் கல்யாணம் பண்ணி வைக்க முடியாது பாருங்க. அந்தப் பையன் வீட்டுல ஏதாவது கோளாறு இருக்கும்னு நான் நம்பினேன். ஞானஸ்நானம் வாங்காதவங்க யாராவது இருப்பாங்க. கோயில்ல வெச்சு மந்திரிக்காத கல்யாணம் இருக்கும். முறையில்லாம பொறந்தவங்க இருப்பாங்க. காலனியில இல்லாமயா இருக்கும்னு தேட ஆரம்பிச்சேன். ஃபாதர்கிட்ட, கோயில் வரலாறு எழுதப் போறேன்னு சொல்லி, இதே பீரோவைத் தொறந்து இதே மேசையில உக்காந்தேன்.

பெலவேந்திரனோட ஞானஸ்நானம் ஒழுங்கா இருந்துச்சி. அப்பன் சின்னையன், அதுவும் ஒழுங்கு. அவனுக்கு அப்பன், ஒழுங்கு. கல்யாணப் பதிவு, ஒழுங்கு. எங்க தெருவுலயே ரெண்டொண்ணு அப்படி இப்படி இருந்துச்சி, அது வேற கதை, அதை நான் படிச்சும் படிக்காத மாதிரி தாண்டிட்டேன். ஆனா இவங்க வீட்டுல ஒரு புள்ளி பெசகல. எனக்கு எரிச்சலா வந்துச்சி. ஒவ்வொருத்தரா மேல மேல போயி, பெலவேந்திரனோட பாட்டனுக்குப் பாட்டன், மதலைமுத்துன்னு ஒரு ஆளு, அங்க வந்து நின்னேன்.

அந்த மதலைமுத்து தன்னோட தலைச்சம் புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்திருக்கான். ஞானத் தகப்பன் யாருன்னு பாத்தா, ராயப்பன்னு போட்டிருக்கு. சரி, நம்ம ராயப்பத் தாத்தா பெரிய மனுஷன், ஏழைக் குழந்தைக்கு ஞானத் தகப்பனா நின்னிருக்காருன்னு நெனச்சேன். கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சி, பொய் சொல்லுவானேன். பக்கத்துல லத்தீன்ல 'பாத்ருவுஸ்'னு சாமியார் எழுதியிருக்காரு. அப்படின்னா தகப்பனோட கூடப் பொறந்தவன்னு அர்த்தம். குழந்தைக்குப் பெரியப்பன்.

திரும்பத் திரும்பப் படிச்சேன். அப்புறம் பழைய புஸ்தகத்தை எடுத்தேன், தாது வருஷப் பஞ்சத்துது. பஞ்சத்துல இங்க கும்பல் கும்பலா ஞானஸ்நானம் வாங்கியிருக்காங்க, பக்கம் பக்கமா இருக்கு. அதுல ஒரே நாள்ல, அடுத்தடுத்த வரியில, ராயப்பன், மதலைமுத்து. ஒரே அப்பன், ஒரே ஆத்தா. ஊரு சூசைப்பாளையம், சேரின்னு எழுதியிருக்கு. பெரிய பையனைத் தாயே கொண்டாந்து சாமியார்கிட்ட விட்டுட்டாளாம், கஞ்சி குடிச்சாவது பொழைக்கட்டும்னு. சின்னது கைக்குழந்தை, அதை அவளே வெச்சுக்கிட்டா. பெரியவன் சாமியாரோட அநாதை இல்லத்துல வளந்து, தச்சு வேலை கத்துக்கிட்டு, எங்கேயோ இருந்த இன்னொரு அநாதைப் பொண்ணைக் கட்டிக்கிட்டு, சாமியார் குடுத்த நெலத்துல ஊர்த்தெருவுல குடியேறியிருக்காரு. இதெல்லாம் பின்னால வந்த சாமியாருங்க ஓரத்துல எழுதி வெச்ச குறிப்பு. ரெட்டை மாட்டு வண்டியெல்லாம் அதுல இல்ல.

அது தப்பு தம்பி. நான் இன்னைக்கும் சொல்றேன், அது தப்பு. வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியுமா, தெரு தெரியுமா? பஞ்ச காலம், ஒரு நாளைக்கு நூறு பேரு வந்து நிக்கிறான், எவனைக் கேட்டு எவன் பேருக்குப் பக்கத்துல எழுதினானோ. ராயப்பன்னு இந்த ஊர்ல ஒருத்தன்தான் இருந்தானா? எங்க அப்பா சொன்னது பொய்யா இருக்குமா? சரி, அப்படியே இருந்தாலும், தம்பி குழந்தைக்கு ஞானத் தகப்பனா நிக்க எதுக்காகத் திரும்ப அந்தத் தெருவுக்குப் போகணும்? நெலம் கெடைச்சுது, வீடு கெடைச்சுது, பேசாம இருந்திருக்கலாம். அந்த ஒரு நாளு போயி நிக்காம இருந்திருந்தா ரெண்டையும் முடிச்சுப் போட எவனாலயும் முடிஞ்சிருக்காது.

காப்பி ஆறுது பாருங்க, குடிங்க.

அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. ஆனா மறுநாள் காலையில பல் வெளக்கும்போது பளிச்சுன்னு தோணிச்சி. அட, இதுதானே நாம தேடுன விக்கினம்! அண்ணன் வம்சம் ஜெசிந்தா, தம்பி வம்சம் வேந்திரன். தலைமுறை எண்ணிப் பாத்தா சமமா வருது. ரெண்டும் அண்ணன் தங்கச்சி முறை. பங்காளிக்குள்ள கல்யாணம் உண்டா எங்கேயாவது? மாதாவே வழி காட்டினதா நெனச்சேன். அழுகையே வந்துடுச்சி எனக்கு.

நேரா ஃபாதர்கிட்ட போயி, பொதுவாக் கேக்கிற மாதிரி கேட்டேன். "ஃபாதர், பங்காளிக்குள்ள கட்டுனா விக்கினம்தானே?"

"எத்தனை தலைமுறைக்கு முன்னால சார்?"

"பாட்டனுக்குப் பாட்டனுங்க அண்ணன் தம்பின்னு வெச்சுக்குங்க."

சிரிக்கிறாரு. "அதெல்லாம் திருச்சபைச் சட்டத்துல தடையே இல்ல சார். அத்தை பொண்ணு, மாமன் பொண்ணுக்கே விதிவிலக்கு வாங்கிக் கட்டி வைக்கிறோம். யாருக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான், வரலாறு எழுதறேன் இல்ல, அதுக்கு"ன்னு எழுந்து வந்துட்டேன்.

சட்டம் கைவிட்டுடுச்சி. கோயில்ல எழுந்து நின்னு சொல்லலாம்னா, என்னான்னு சொல்றது? இவனும் எம் பொண்ணும் பங்காளின்னு நான் சொன்னா, நான் யாருன்னு ஆகுது? அப்புறம் ஊர்த்தெருவுல எவன் என்னை மதிப்பான்? முதல் மாலை எவன் போடுவான்? எங்க பங்காளிங்க பத்து வீடு இருக்கு, அவங்க வீட்டுப் பொண்ணுங்களை எவன் கட்டுவான்? நான் ஒருத்தனுக்காக இல்ல தம்பி, பத்து வீட்டுக்காக வாயை மூடினேன்.

வாயை மூடிக்கிட்டே காரியத்தை முடிக்கணும். யோசிச்சேன். சட்டம் சாமியாருக்கு. முறை யாருக்கு? பொம்பளைங்களுக்கு. வேந்திரனோட அம்மா மதலேனம்மா, புருஷன் இல்லாதவ, களையெடுத்துப் புள்ளையைப் படிக்க வெச்சவ. அவகிட்ட சொன்னா அவ ஒத்துக்கவே மாட்டான்னு எனக்குத் தெரியும். அந்த விஷயத்துல அவங்க நம்மள விடக் கட்டுப்பாடு.

என் வயசுல முதல் தடவையா காலனிக்குள்ள போனேன். மத்தியான நேரம், எல்லாரும் வேலைக்குப் போயிருந்தாங்க. அவ முறத்துல அரிசி பாத்துக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் பதறிப்போயி எழுந்து, "ஐயா, வாங்க ஐயா"ன்னு சேரைத் தொடைச்சுப் போட்டா. சம்மதம் சொல்ல வந்திருக்கேன்னு நெனச்சுட்டா போல. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. நான் உக்காந்து சொன்னேன். புஸ்தகத்துல இருந்த எல்லாத்தையும் சொன்னேன். ராயப்பனுக்கு ஒரு தம்பி இருந்தான், மதலைமுத்துன்னு, அவன் வழிதான் உன் புருஷன்னு சொன்னேன்.

அவளுக்குச் சிரிப்பு அப்படியே நின்னு போச்சி. அப்புறம் என்ன பண்ணினா தெரியுமா? முந்தானையை இழுத்துத் தலையில போட்டுக்கிட்டு, கதவுக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டா. புருஷனோட அண்ணன் முன்னால நிக்கக் கூடாது இல்லையா. நான் சின்னையனை விட மூத்தவன், அந்தக் கணக்கு. புருஷனோட அண்ணனை இங்க மாமான்னுதான் கூப்பிடுவாங்க. கதவுக்குப் பின்னாலேர்ந்து, "தண்ணி குடிக்கிறீங்களா மாமா?"ன்னு கேக்குறா.

எனக்கு ஒடம்பு கூசிப் போச்சி தம்பி. எந்திரிச்சு ஓடிடலாமான்னு இருந்துச்சி. வேணாம்னுட்டேன்.

"எம் புள்ள பொறந்ததுலேர்ந்து ஒண்டியாவே நின்னுட்டான் மாமா. பெரியப்பன்னு ஒருத்தர் இருக்காருன்னு தெரியாமப் போச்சே"ன்னு அழறா. நான் கல்யாணத்தை நிறுத்த வந்தா, இவ ஒறவு கொண்டாடுறா. நான் சுருக்கமாச் சொன்னேன். "இதோ பாரு, முறை தப்பக் கூடாது. நிறுத்திடு. ஆனா காரணம் யாருக்கும் தெரியக் கூடாது."

"எங்க ஊட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்ச பொறவு நான் எப்பிடி மாமா கட்டி வெப்பேன்? நிறுத்திடறேன். எம் புள்ளகிட்ட மட்டும் காரணத்தைச் சொல்லிக்கிறேன்."

"அவன்கிட்டயே கூடாது. அவன் ஜெசிந்தாகிட்ட சொல்லிடுவான்."

"காரணம் சொல்லாம எப்பிடி மாமா? அந்தப் பொண்ணு மனசு என்னாவும்?"

"அது எம் பொண்ணு. நான் பாத்துக்கறேன்."

சொவத்துல இருந்த மாதா படத்து மேல கை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கினேன். வெச்சா. வாசல் வரைக்கும் வந்தா, என் முதுகுக்குப் பின்னாலேயே, தலையில முந்தானையோட.

காரியம் முடிஞ்சது. புள்ளைகிட்ட என்ன சொன்னாளோ, சோறு தண்ணி இல்லாமப் படுத்துட்டாளாம். அவன் அம்மா புள்ள. ஜெசிந்தாகிட்ட வந்து, "அம்மா ஒத்துக்கல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். இவளுக்கு நம்பிக்கை இல்ல. அப்பா தடுத்தா புரியும், அருளப்பன் மாமா தடுத்தா புரியும். அந்தம்மா எதுக்குத் தடுக்கறாங்க, அவங்கதானே எனக்குப் பூ வாங்கிக் குடுத்து அனுப்புவாங்கன்னு பிலோமினாகிட்ட புலம்பினாளாம். தனியாவே காலனிக்குப் போயிட்டா. நான் தடுக்கல. போயி அவளே தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்னு விட்டேன்.

மதலேனம்மா கால்ல விழுந்திருக்கா. "நான் என்ன தப்பு பண்ணினேன் அத்தை?"ன்னு கேட்டிருக்கா. அவ தூக்கி நிறுத்திட்டு, "என்னை அத்தைன்னு கூப்புடாதம்மா"ன்னு சொல்லியிருக்கா. அவ்வளவுதான் சொன்னாளாம், கதவைச் சாத்திட்டாளாம்.

எனக்குப் புரிஞ்சது, அவ எதுக்கு அப்படிச் சொன்னான்னு. சித்தி முறை ஆகுது, அத்தைன்னு கூப்பிட்டா பொறுக்குமா அவளுக்கு? ஆனா ஜெசிந்தாவுக்கு அது எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து, "அப்பா, என்னை அத்தைன்னு கூப்பிடக்கூட வேணாம்னுட்டாங்கப்பா"ன்னு என் மடியில படுத்துக்கிட்டா. சின்னப் புள்ளையில படுப்பாளே, அது மாதிரி. எத்தனையோ வருஷம் கழிச்சு எம் பொண்ணு என்கிட்ட வந்துட்டா தம்பி. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. தலையைத் தடவிக் குடுத்துக்கிட்டே சொன்னேன், "பாத்தியாம்மா, அவங்க புத்தி அவ்வளவுதான். அப்பா சொன்னப்ப நீ கேக்கல."

அந்த ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஓலை வாசிக்கணும். ஃபாதர் வாசிக்கல. வேற யாரோ ரெண்டு பேரோட ஓலையை வாசிச்சிட்டு உக்காந்துட்டாரு. ஜெசிந்தா பாடகர் குழுவுல நின்னுக்கிட்டு இருந்தா. ஆர்கனுக்கு ஆள் வரல. அன்னைக்கு அவதான் நன்றிப் பாட்டு பாடினா. ஒரு எடத்துலகூடக் கொரல் தடுமாறல, எல்லாரும் சொன்னாங்க. நான் பிலோமினாவைப் பாத்து, சரியாயிட்டா பாருன்னு கண்ணைக் காட்டினேன்.

மறுநாள் விடியக்காலையில தண்ணி எறைக்கப் போயிருக்கா. கெணத்தடியில பாசி, கால் வழுக்கிடுச்சி. எங்க வீட்டுல மோட்டார் இருக்கு, குழாயைத் திருப்புனா தண்ணி வரும். இருந்தாலும் சில சமயம் வாளியில எறைப்பா. எப்பவாவது எறைப்பா. போலீஸுக்கும் அதான் எழுதிக் குடுத்தோம், ஃபாதர்கிட்டயும் அதான் சொன்னோம். நெசமும் அதுதான். எம் பொண்ணு கடவுள் பக்தி உள்ளவ, அவளா எதுவும் பண்ணிக்க மாட்டா.

அடக்கத்துக்கு ஊரே வந்துச்சி. கான்வெண்ட்டுப் புள்ளைங்க அழுத அழுகையைச் சொல்லி மாளாது. காலனிக்காரங்களும் வந்தாங்க, சாவுக்கு வருவாங்க, தள்ளி நிப்பாங்க. கல்லறைத் தோட்டத்துல பெட்டியை எறக்கற நேரம், சுவத்துல ஒரு எடம் திறந்து விட்டிருக்கும், அந்த வழியா மதலேனம்மாவும் பையனும் எங்க பக்கம் வந்துட்டாங்க. பாத்தா, பையன் மீசையை எடுத்திருக்கான். எங்க பக்கம் பங்காளிச் சாவுக்குத்தான் மீசை எடுப்பாங்க. அப்பவே தெரிஞ்சு போச்சி, பொண்ணுதான் செத்துட்டா, இனிமே சத்தியம் எதுக்குன்னு மதலேனம்மா புள்ளைகிட்ட சொல்லிட்டா. சொன்ன சொல்லைக் காப்பாத்துனாளா பாருங்க!

"ஒரு பிடி மண்ணு போட்டுட்டுப் போயிடறோம்"னு அவ என்கிட்ட கையெடுத்துக் கும்பிடறா.

அருளப்பன் முன்னால வந்துட்டான். "யாரு மாமா இவங்க? எதுக்கு இவன் மீசையை எடுத்துட்டு வந்து நிக்கிறான்? நமக்கு இவன் என்ன உறவு?"

அத்தனை பேரும் என்னைத்தான் பாக்குறாங்க. பிலோமினா பாக்குறா. பெட்டி கயித்துல தொங்குது. நான் என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க.

"எனக்கு எந்த உறவும் கெடையாது. யாருன்னே தெரியாது. அந்தப் பக்கம் போகச் சொல்லு"ன்னேன்.

அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா அன்னைக்கே நான் முடிஞ்சேன். சொல்லல. பையன் வாயைத் தொறந்தான், அவ அவன் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. போகும்போதும் தலையில முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டா, நான் நிக்கிறேன் இல்ல, அதனால. பயம் தம்பி. ஊர்த்தெருக்காரங்க அத்தனை பேரு நிக்கிறாங்களேன்னு பயம். வேற என்ன இருக்கப் போகுது?

சரி, அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடியல. அதுதான் இப்ப எனக்குப் பெரிய தலைவலி. நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க.

ஜெசிந்தா செத்த தேதியில ஒவ்வொரு வருஷமும் அவளுக்கு ஒரு பூசை நடக்குது. யாருக்காக யாரு பூசை வைக்கிறாங்கன்னு கருத்து வாசிப்பாங்க இல்ல, "மறைந்த ஜெசிந்தாவின் ஆன்மா இளைப்பாற்றிக்காக, பங்காளி வீட்டார்"னு வாசிக்கிறாங்க. பேரு கெடையாது, தெரு கெடையாது. பங்காளி வீட்டார். முதல் வருஷம் கேட்டப்ப எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சி. வெளிய வந்ததும் அருளப்பன், "உங்க பங்காளிங்க பரவாயில்ல மாமா, மறக்காம வைக்கிறாங்களே"ன்னான். எங்க பத்து வீட்டுல அந்த வீடுன்னு இந்த வீடும், இந்த வீடுன்னு அந்த வீடும் நெனச்சுக்கிட்டு இருக்கு. நானும் யாரையும் திருத்தல.

அந்தப் பையன் கல்யாணம் பண்ணிக்கல. ஆர்கனைத் தொடறதில்ல. அந்தத் தேதியில இடப்பக்கம் கடைசியில அம்மாவும் புள்ளையும் வந்து உக்காந்துட்டுப் போயிடுவாங்க. என்கிட்ட பேசறது கெடையாது.

ஃபாதர்கிட்ட நிறுத்தச் சொல்லலாம்னு ஒரு தடவ போனேன். "உங்க பொண்ணுக்கு யாரோ பூசை வெக்கிறாங்க, எதுக்கு சார் நிறுத்தணும்?"னு கேட்டுட்டாரு. எதுக்குன்னு நான் சொல்ல?

பிலோமினா ஒவ்வொரு வருஷமும் கேக்குறா. "பங்காளிங்க வைக்கிறாங்க, பெத்தவங்க நாம ஒரு பூசை வைக்கலியே. அந்தத் தேதியில நம்ம பேரையும் குடுங்களேன்"னு அழறா. குடுக்கலாம். ஆனா பூசை வெச்சவங்கதான் காணிக்கை நேரத்துல அப்பமும் திராட்சை ரசமும் எடுத்துக்கிட்டு பீடத்துக்குப் போகணும், இங்க அப்படி ஒரு வழக்கம். அவங்க மட்டும்னா எழுந்திரிக்க மாட்டாங்க, பீட வேலை பாக்கிற கோயில்பிள்ளையே எடுத்துட்டுப் போயிடறாரு. நானும் வெச்சேன்னு வெச்சுக்குங்க, புதுசா வந்திருக்கிற ஃபாதருக்கு வெவரம் தெரியாது. ரெண்டு குடும்பமும் ஒண்ணா வாங்கன்னு மைக்குல கூப்பிட்டுடுவாரு. அவ தட்டையும் நான் கிண்ணத்தையும் புடிச்சுக்கிட்டு நடுவுல நடந்து போகணும், ரெண்டு பக்கமும் ஊரு பாக்க.

அதனால நான் வைக்கல. எம் பொண்ணு செத்ததுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் அவளுக்குன்னு ஒரு பூசை நான் வெச்சதில்ல தம்பி. அவங்கதான் வைக்கிறாங்க. அந்தத் தேதியில காலையில குளிச்சிட்டு, வலப்பக்கம் முதல் பெஞ்சில உக்காருவேன். ஃபாதர் எம் பொண்ணு பேரைச் சொல்லிப் பங்காளி வீட்டார்னு முடிப்பாரு. எல்லாரோடயும் சேந்து நானும் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்னு சொல்லிட்டு வந்துடுவேன்.